மூணு பாட்டில் பாலீஷ்

நகத்தைப் பார்க்கறீங்களா தம்பி? சுண்ணாம்பு இல்லீங்க. வெத்தலை போடற பழக்கமெல்லாம் எனக்குக் கெடையாது. இது பாலீஷ். கார் பாலீஷ். சோப்புப் போட்டுப் பார்த்தேன், தேங்காண்ணெ வெச்சுத் தேய்ச்சுப் பார்த்தேன், நகக்கண்ணுல போயி உக்காந்தது வெளிய வரமாட்டேங்குது. காருக்குப் பாலீஷ் போட்டவன் பட்டு வேட்டியைக் கட்டிக்கிட்டு எதுக்கு பஸ்ல நசுங்கிட்டு வர்றான்னு நினைப்பீங்க. நீங்க கேக்கலை, சரி. கேக்காட்டியும் சொல்றேன். திண்டுக்கல் போறதுக்குள்ள யார்கிட்டயாவது சொல்லாட்டி எனக்கு நெஞ்சு வெடிச்சிரும்.

நீங்க எங்க இறங்கறீங்க? ஒட்டன்சத்திரமா? போதும். அதுக்குள்ள சொல்லிரலாம்.

நமக்குத் தாராபுரமுங்க. நாச்சிமுத்துன்னா தெரியும். சர்வேயரா இருந்து ரிட்டயர் ஆனவன். இந்த ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் இருக்கற காடு தோட்டமெல்லாம் நான் சங்கிலி பிடிச்சு அளந்ததுதான். வரப்பு ஒரு சாண் தள்ளியிருந்தாலும் நின்ன எடத்துல இருந்தே சொல்லிருவேன். அண்ணன் தம்பி வெட்டுக்குத்துன்னு நிப்பாங்க, நான் போயிக் கல்லு நட்டா அதுக்கு மேல பேச்சு இருக்காது. கண்ணளவுன்னா நாச்சிமுத்து கண்ணளவும்பாங்க. எதுக்குச் சொல்றேன்னா, அப்பேர்ப்பட்டவனைப் பார்த்து ஒருத்தி, அதுவும் கட்டுன பொண்டாட்டி, உங்களுக்குக் கண்ணு தெரியலைன்னு சொன்னா எப்படி இருக்கும்?

துளசிமணின்னு பேரு. நல்லவதான். நல்லவள்னுதான் இத்தனை வருசம் நினைச்சுட்டு இருந்தேன்.

ரிட்டயர் ஆனதும் நான் செஞ்ச மொத காரியம் கார் வாங்குனதுதான். சின்னக் காருங்க, அரக்குக் கலரு. வேலையில இருந்த வரைக்கும் சைக்கிளு, அப்பறம் மொபெட்டு. வெயில்லயே பொழப்புப் போச்சு. இனிமே இவளைக் கூட்டிக்கிட்டுப் பழனி, கொடுமுடின்னு நாலு எடம் போகணும்னு ஆசை. போனோம். இவ இடது பக்கம் உக்காந்துக்குவா. மடியில பையை வெச்சுக் கெட்டியாப் புடிச்சுக்குவா, கண்ணை மூடிக்குவா. நான் ஓட்டுனா அவளுக்கு அவ்வளவு நிம்மதி. ஏறி உக்காந்ததும் மூடற கண்ணை ஊரு வந்துதான் தொறப்பா. எத்தனை பேருக்குங்க அப்படி ஒரு நம்பிக்கை இருக்கும்?

அப்பறம் ஒரு வருசமா, இல்லை அதுக்கும் கொஞ்சம் மேலயே இருக்கும், வண்டிக்கு நேரம் சரியில்லை. கீறல் விழ ஆரம்பிச்சுது. எல்லாமே இடது பக்கம். எங்க கேட்டுத் தூணு இருக்குது பாருங்க, கட்டுன கொத்தனாரு இடது பக்கத் தூணை உள்ள தள்ளிக் கட்டிட்டான். அதுல ஒரு நாலஞ்சு தடவை. பஸ் ஸ்டாண்டு முக்குல ஆட்டோக்காரன் இடது பக்கமா வந்து உரசுனான். மாட்டு வண்டி ஒண்ணு. சந்தைப்பேட்டைல தள்ளுவண்டி ஒண்ணு. இப்ப எல்லாருமே இடது பக்கமாத்தான் வந்து ஏறறாங்க தம்பி. ரோட்டுல ஒழுக்கமே போயிருச்சு.

இதைச் சொன்னா இவ என்ன சொல்லணும்? ஆமாங்க, கலிகாலம்னு சொல்லணும். அதை விட்டுட்டு, "கண்ணை ஒருக்கா காட்டிட்டு வந்துரலாமுங்க"ன்னா. சரி, போய்த்தான் பார்ப்போம்னு போனேன். என்னமோ ஒரு பெட்டிக்குள்ள மூஞ்சியை வெக்கச் சொல்லி, லைட்டு மின்னறப்பல்லாம் பொத்தானை அமுக்குங்கன்னாங்க. அமுக்குனேன். முடிஞ்சதும் அங்க டெஸ்ட் எடுத்த புள்ள, "இடது பக்கம் வந்த லைட்டுக்கெல்லாம் நீங்க அமுக்கவே இல்லீங்களே ஐயா"ங்குது. அந்தப் பக்கம் லைட்டே எரியலை, நான் எதுக்கு அமுக்கறது? மெசினு ரிப்பேரு. சொன்னா ஒத்துக்கறாங்களா? டாக்டரு, கண்ணுல பிரஷரு, ஓரப் பார்வை போயிட்டிருக்குது, வண்டி ஓட்டாதீங்கன்னுட்டாரு. ஓரத்துல பார்க்கறதுக்கு நான் என்ன கோழியா? ரோட்டை நேராப் பார்த்துத்தானே ஓட்டறோம். எதிர்ல வர்ற லாரி நெம்பரை இன்னிக்கும் தூரத்துலயே படிப்பேன். சொட்டு மருந்து மட்டும் வாங்கிட்டு வந்தேன். அதை இவ விடாமப் போட்டுவிடுவா. வெளிய வர்றப்ப டாக்டரு இவளை மட்டும் திரும்பக் கூப்பிட்டு என்னமோ சொன்னாரு. நான் மருந்து விசயம்னு விட்டுட்டேன்.

அதுக்கப்பறம்தான் அந்த சைக்கிள் புள்ள.

உழவர் சந்தைப் பக்கம் இடது கைப்பக்கம் திரும்பறேன். யூனிபார்ம் போட்ட புள்ள ஒண்ணு, எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியலை, வண்டியோட ஒட்டிக்கிட்டே வந்திருக்குது. பெல் அடிக்கணுமா இல்லையா? அடிக்கலை. இல்லை, அடிச்சேன்னு அது சொல்லுது. கீழ விழுந்துருச்சு. முட்டியில சிராய்ப்பு, தாடையில தையல் போட்டாங்க. பெரிசா ஒண்ணும் இல்லீங்க. நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன், அவங்க அப்பனும் மரியாதையான ஆளு, பெரிசு பண்ணலை. ஆனா சைக்கிள் பிரேக்குக் கம்பி முன் கதவுல ஒரு கோடு இழுத்துச்சு பாருங்க, கைப்பிடியில இருந்து சக்கரத்துக்கிட்ட வரைக்கும். பார்க்கவே வயிறு எரிஞ்சுது.

துளசிமணி அன்னிக்கு வண்டியில இருந்தா. கண்ணை மூடிட்டு இருந்தவ சத்தம் கேட்டுத்தான் முழிச்சா. இறங்கி ஓடி அந்தப் புள்ளையை மடியில போட்டுக்கிட்டா. சேலையெல்லாம் ரத்தம். அடுத்த நாள் பழம் வாங்கிட்டு அந்தப் புள்ளை வீட்டுக்குப் போனா. அதுக்கு மறுநாளும் போனா. எதுக்குப் புள்ள தெனமும் போறேன்னா, பையை எடுத்துட்டுக் கிளம்பிருவா. எனக்கு எங்க வீட்டுலயே ஆறுதல் சொல்ல ஆளில்லை. கதவுல அவ்வளவு நீளக் கோடு விழுந்து கெடக்குது, அதை ஒருத்தரும் கேக்கலை.

அப்பறம் ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு, வேண்டுதல்னா. விடியக்காலமே எந்திரிச்சுத் தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு அம்மன் கோயிலுக்குப் போறதா சொல்லிட்டுக் கிளம்பிருவா. வர்றப்ப நெத்தி நெறையக் குங்குமம், கையில துன்னூறு. எனக்கும் வெச்சுவிடுவா. யாருக்காகப் புள்ள வேண்டுதல்னு கேட்டேன். "உங்களுக்காகத்தானுங்க"ன்னா. எனக்குச் சந்தோசம்தான். நம்ம வண்டிக்கு நேரம் சரியில்லைன்னு இவளாச்சும் புரிஞ்சுக்கிட்டாளேன்னு நினைச்சேன்.

சரிங்க, பாலீஷுக்கு வர்றேன்.

மக சுகந்தி திண்டுக்கல்ல வீடு கட்டியிருக்குது. நாளைக்கு விடியக்காலம் பால் காய்ச்சறாங்க. சம்பந்தி வீட்டுக்காரங்க, சொந்தபந்தம் எல்லாம் வருவாங்க. இந்தக் கோலத்துல வண்டியைக் கொண்டுபோயி நிறுத்துனா என்ன நினைப்பாங்க? சர்வேயருக்கு வண்டி ஓட்டத் தெரியலைம்பாங்க. திருப்பூர்ல ஒரு கடையில விசாரிச்சேன், அவன் சொன்ன ரேட்டுக்கு இன்னொரு வண்டியே வாங்கிரலாம் போல. அப்பத்தான் போன்ல ஒரு விளம்பரம். கறுப்புக் காருல ஆணியால கீறுன மாதிரி ஒரு கீறலு. ஒருத்தன் சொட்டுப் பாலீஷை விட்டு ஒரே ஒரு தொடைப்புத்தான், கீறலு இருந்த எடமே தெரியலை. வீட்டுலயே பண்ணிக்கலாம், மலிவு விலைன்னான். உடனே ஆர்டர் சொல்லிட்டேன். நம்பி ஏமாந்தது மொதல்ல அவனை. ஆனா அவன் யாரோ எவனோ. அவனை நான் குத்தம் சொல்லலை.

பெட்டி வந்துச்சு. குட்டிக் குட்டியா மூணு பாட்டில், ஒரு மஞ்சப் பஞ்சு, ஒரு துணி, ஒரு சீட்டு. சீட்டுல எழுத்தை எறும்பு ஊர்ந்த மாதிரி அடிச்சிருக்கறான். இதுல படிக்கறதுக்கு என்ன இருக்குது, தேய்க்கறதுதானேன்னு நல்ல வெயில்ல, வாசல்ல வெச்சு, ஒரு பாட்டிலைத் தெறந்து பேனட்டு மேல ஊத்திட்டேன். ஊத்திப் பரப்பறதுக்குள்ள காஞ்சுபோச்சு தம்பி! வெள்ளைச் சாந்து பூசுன மாதிரி. தேய்க்கறேன், தேய்க்கறேன், தோள்பட்டை கழண்டுருச்சு, போகமாட்டேங்குது. பக்கத்து வீட்டுக் காளியப்பன் காம்பவுண்டு மேல எட்டிப் பார்த்து, "என்னங்க மாமா, வண்டிக்குச் சுண்ணாம்பு அடிக்கறீங்களா?"ங்கறான்.

இவ உள்ள இருந்து வந்தா. சீட்டை எடுத்துப் படிச்சா. "நெழல்ல வெச்சுத்தான் பண்ணணும்னு போட்டிருக்குதுங்க. மொதல்ல கழுவோணுமாம். அப்பறம், நீங்க ஊத்தினது மூணாம் நெம்பருங்க. அது கடைசியில போடற மெழுகு"ன்னா.

சிரிக்கலை. ஒரு வார்த்தை குத்திச் சொல்லலை. சேலையைத் தூக்கிச் செருகிட்டு, ஈரத்துணியை எடுத்துட்டு வந்து என் கூட நின்னு தேய்ச்சா. அங்கதானுங்க நான் விழுந்துட்டேன்.

அதுக்கப்பறம் தெனமும் ரெண்டு பேரும்தான். வண்டியைச் செட்டுக்குள்ள ஏத்திட்டு, கறுப்பு ரப்பரு மேலயெல்லாம் ஒட்டுத்தாள் ஒட்டுனோம். இல்லாட்டிப் பாலீஷு அதுல ஏறி வெள்ளையா நின்னுக்குமாம், அதுவும் இவ படிச்சுச் சொன்னதுதான். ஒரு முழம் எடத்துக்கு ஒரு சொட்டு. பஞ்சை வெச்சு வட்டம் வட்டமாத் தேய்க்கோணும். கொஞ்ச நேரம் விட்டா மூடுபனி மாதிரி வெளுத்து வரும். விரல்ல தொட்டா ஒட்டாம மாவாட்ட உதிரணும், அப்பத்தான் தொடைக்கறது. நான் பூசிக்கிட்டே போவேன், இவ பின்னாலயே தொடைச்சுட்டு வருவா. நடுவுல டீ போட்டுட்டு வருவா. பேனட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமா நின்னு டீ குடிப்போம். கல்யாணம் ஆனதுல இருந்து நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு வேலையும் செஞ்சதில்லைங்க தம்பி. நான் சங்கிலியைத் தூக்கிட்டுக் காட்டுல இருப்பேன், இவ வீட்டுல இருப்பா. இந்த வயசுலதான் எனக்கு ஒரு பொண்டாட்டி இருக்கறாளேன்னு தெரிஞ்சுது. பொய் சொல்லலை.

இடது பக்கம் வந்தப்ப ஒவ்வொரு கீறலா விரலால தடவுனா.

"இது எதுங்க?"

"அது தூணு."

"இது?"

"அதுவும் தூணுதான்."

"இது?"

"ஆட்டோக்காரன்."

நகத்தை வெச்சு இழுத்துப் பார்ப்பா. நகத்துல தட்டுப்படாத கீறலு போயிரும், தட்டுப்படற கீறலு போகாதுன்னு சீட்டுல போட்டிருக்குதாம். "இது தட்டுதுங்க… இதுவும் தட்டுது…"ன்னு சொல்லிட்டே வந்தா. அந்த சைக்கிள் கோட்டுக்கிட்ட வந்ததும் கையை எடுத்துட்டா. அதை மட்டும் தொடைக்கலை. எந்திரிச்சு உள்ள போயிட்டா. நான் முட்டி வலின்னு நினைச்சேன்.

அந்தக் கோடு போகவே இல்லீங்க. பளபளப்பு ஏற ஏற அது இன்னும் பளிச்சுன்னு தெரியுது.

ஆனா அதை விடுங்க. நான் சொல்ல வந்தது வேற. வேலை செய்யறப்ப வண்டியைப் பத்திக் கேக்க ஆரம்பிச்சா. நானும் எவ்வளவு ஆசையாச் சொல்லிக் குடுத்தேன்! "இந்தச் சைடுக் கண்ணாடியை எவ்வளவு திருப்பி வெக்கோணுமுங்க?" சொன்னேன். "ரிவர்ஸ் எடுக்கறப்ப எதை மொதல்ல பார்ப்பீங்க?" சொன்னேன். "மேட்டுல நின்னா பின்னால உருளாம எப்படிங்க எடுப்பீங்க?" அட, இத்தனை வருசம் கண்ணை மூடிட்டு வந்தவளுக்கு என்ன ஆர்வம்னு எனக்குத் தலைகால் புரியலை. டிரைவர் சீட்டுல உக்கார வெச்சுக் கிளச்சுல கால் வெக்கறதுகூடக் காட்டுனேன். "அட, இப்படிங்களா"ன்னு கேட்டுக்கிட்டா. ஒண்ணும் தெரியாதவளாட்டம். அப்ப அவ கையில லைசன்ஸ் இருக்குது தம்பி! லைசன்ஸ்!

ஆமாங்க. கோயிலும் இல்லை, கொளமும் இல்லை. விடியக்காலம் போனது டிரைவிங் ஸ்கூலுக்கு. இல்லை, கோயிலுக்கும் போயிட்டுத்தான் வந்தாளாம். கிளாஸ் முடிச்சுட்டு அம்மனைக் கும்பிட்டுட்டு வருவாளாம். அதனால வேண்டுதல்னு சொன்னது பொய்யில்லைங்கறா. எப்படி இருக்குது பாருங்க கணக்கு.

இன்னிக்குக் காலையில நடந்ததைச் சொல்றேன். கடைசியா மெழுகு போட்டுத் தொடைச்சு, வண்டி மூஞ்சி பார்க்கற கண்ணாடியாட்டம் நிக்குது. பட்டு வேட்டி கட்டிட்டேன். சீர்த்தட்டெல்லாம் பின்சீட்டுல அடுக்கியாச்சு. ஆணியில சாவியைத் தேடறேன், காணோம். வெளிய வந்தா, இவ வலது பக்கக் கதவைத் தெறந்து, ஸ்டியரிங்கு முன்னால உக்காந்திருக்கறா. பட்டுச் சேலை. சீட்டை முன்னால இழுத்துப் போட்டிருக்கறா. நான் சிரிச்சுட்டேன்.

"எறங்கு புள்ள, நேரமாச்சு."

"ஏறி உக்காருங்க"ன்னா. இடது பக்கத்தைக் காட்டறா.

"வெளையாடாதே. எறங்கு."

"நான் ஓட்டறேனுங்க. லைசன்ஸ் வாங்கிட்டேன். சுகந்திக்குத் தெரியும். டாக்டரும் அதைத்தான் சொன்னாரு."

காளியப்பன் அவங்க வாசல்ல நிக்கறான். அவன் பொண்டாட்டி நிக்கறா. ஒருத்தர் மூஞ்சியிலயும் ஆச்சரியமே இல்லீங்க தம்பி. அப்பத்தான் புரிஞ்சுது, எல்லாருக்கும் தெரிஞ்சிருக்குது. தெருவே சேர்ந்து என்கிட்ட மறைச்சிருக்குது. காளியப்பன் பொண்டாட்டிதான் இவளை டிரைவிங் ஸ்கூல்ல சேர்த்துவிட்டதாம். அவன் வாயை வெச்சுட்டு இருக்கறானா? "அக்கா நல்லா ஓட்டறாங்க மாமா, பயப்படாம உக்காருங்க"ங்கறான். எனக்கு! பயப்படாம!

"என்னை ஏமாத்திட்டே"ன்னேன்.

"ஆமாங்க. ஏமாத்தித்தான் கத்துக்கிட்டேன். கேட்டிருந்தா விட்டிருப்பீங்களா?"

"எதுக்கு? எதுக்குங்கறேன்? நான் ஓட்டறதுக்கு என்ன?"

ஸ்டியரிங்கைப் பார்த்துட்டேதான் சொன்னா. "அந்தப் புள்ளைய மடியில போட்டிருந்தேனுங்க. தாடையில இருந்து ரத்தம் ஒழுகிட்டே இருந்துது. அம்மான்னு என்னைத்தான் கூப்பிட்டுச்சு. அதுக்கப்பறம் உங்க பக்கத்துல உக்கார என்னால முடியலைங்க. நீங்க நினைக்கற மாதிரி நான் தூங்கிட்டு வர்றதில்லை. பயத்துல மூடிக்குவேன். எனக்கும் கண்ணைத் தொறந்து வெச்சுட்டு நாலு எடம் பார்க்க ஆசையிருக்குது. உங்களைக் கூட்டிட்டுப் போயிப் பார்க்கோணும்னு இருக்குது."

வாசல்ல வெச்சு, நாலு பேருக்கு முன்னால, இப்படிச் சொல்றா. நான் சுகந்திக்குப் போன் போட்டேன். பெத்த மகளாச்சேன்னு. அது என்ன சொல்லுதுன்னா, "அப்பா, அம்மா கூட வாங்கப்பா. ப்ளீஸ்ப்பா. நீங்க ஓட்டிட்டு வந்தா எனக்கு இங்க கையும் ஓடாது காலும் ஓடாது"ன்னு அழுகுது. நல்ல நாளு அதுவுமா அதை அழ வெச்சது யாரு? இவதானே?

அப்பறம் இவ வண்டியைப் பின்னால எடுத்தா பாருங்க. அந்தத் தூணு இருக்குதே, உள்ள தள்ளிக் கட்டுன தூணு, அதுல இடிப்பாள்னு நின்னுட்டு இருந்தேன். இடிக்கட்டும், அப்பத் தெரியும்னு. கண்ணாடியைப் பார்த்தா. திரும்பி ஒருக்காப் பார்த்தா. மெல்ல எடுத்து ஒரே தடவையில ரோட்டுல கொண்டுபோயி நிறுத்திட்டா. தூணுக்கும் வண்டிக்கும் நடுவுல ஒரு முழம் எடம் கெடக்குது. ஒரு முழம்! நானே பார்த்தேன். அவ்வளவு எடம் அங்க எப்படி வந்துச்சுன்னே எனக்குத் தெரியலை.

இடது பக்கக் கதவைத் தெறந்து வெச்சுட்டுக் காத்திருந்தா. நான் அந்தக் கதவைப் பார்த்தேன். தோளு கழண்டு போற அளவுக்குத் தேய்ச்ச கதவு. என்னையே அதுல ஏறி உக்காரச் சொல்றா. நான் திரும்பிப் பார்க்காம நடந்தேன், பஸ் ஸ்டாண்டைப் பார்த்து. "ஏனுங்க… ஏனுங்க…"ன்னு கூப்பிட்டா. நின்னேனா? நிக்கலை. நல்லா தேய்ச்சுப் பளபளப்பாக்கி, பொறத்தியாருக்குத் தாரை வார்த்துக் குடுத்துட்டு நடந்து வர்ற மாதிரி வந்தேன். பொறத்தியாருக்குக் குடுத்திருந்தாக்கூட மனசு ஆறும்.

நீங்களே சொல்லுங்க, இது துரோகமா இல்லையா? ஒரு வாரம் என் கூட நின்னு, டீ போட்டுக் குடுத்து, சிரிச்சுப் பேசி, என் வாயாலயே எல்லாத்தையும் சொல்ல வெச்சு… அந்த ஒரு வாரத்தை நான் என்னன்னு நினைச்சுட்டு இருந்தேன் தெரியுமா? வண்டி போனாப் போகுதுங்க. அந்த வாரமும் எனக்கு இல்லைன்னு ஆயிருச்சு பாருங்க, அதுதான் தாங்கலை.

என்னங்க தம்பி, பேசாமத் திரும்பித் திரும்பிப் பின்னாடியே பார்க்கறீங்க?

என்னது? அரக்குக் கலரா?

நம்ம பஸ்ஸுக்குப் பின்னாடியா? நல்லாப் பார்த்துச் சொல்லுங்க. பளபளன்னு இருக்குதா? …ஓட்டறது பொம்பளையா? கண்ணாடி போட்டிருக்கறாளா? அவதான். எப்ப இருந்து வர்றா? தாராபுரம் தாண்டுனதுல இருந்தேவா! ஏன் என்கிட்ட முன்னாடியே சொல்லலை? சரி, உங்களுக்கு எப்படித் தெரியும்.

பார்த்தீங்களா? நான் சொன்னேன்ல? முந்தத் தெரியலை! ஒரு பஸ்ஸை முந்தத் தெரியாதவளுக்கு லைசன்ஸ் குடுத்திருக்கறாங்க பாருங்க. ரோடு காலியாத்தானே கெடக்குது? காலியா இருந்தும் முந்தலைன்னா என்ன அர்த்தம்? பயம். கண்டக்டரு கையைக் காட்டறாரா, போம்மான்னு? போகலையா? மொத ஸ்டாப்பிங்ல பஸ் நின்னப்ப? அவளும் ஓரங்கட்டி நின்னாளா? அடுத்த ஸ்டாப்பிங்லயும்? எறங்கறவங்களை எட்டி எட்டிப் பார்த்தாளா?

எதுக்குப் பார்க்கறா?

இருங்க, இடது சீட்டுல யாராச்சும் இருக்கறாங்களா? காளியப்பன் பொண்டாட்டி ஏறியிருப்பா. இல்லையா? சீர்த்தட்டை எடுத்து வெச்சிருக்கறாளா? …காலியா? சும்மா காலியாவா வெச்சுட்டு வர்றா?

நான் திரும்ப மாட்டேன் தம்பி. திரும்புனா பஸ்ஸோட பின் கண்ணாடி வழியா அவளுக்குத் தெரிஞ்சுரும். வரட்டும். எவ்வளவு தூரம் இப்படியே வர்றான்னு நானும் பார்க்கறேன். திண்டுக்கல் வரைக்கும் பஸ்ஸு வாலைப் புடிச்சுட்டே வரட்டும். பக்கத்துல ரொம்ப ஒட்டி வர்றாளா? டிரைவர் திடீர்னு பிரேக் போட்டா என்ன பண்ணுவா? எடம் விட்டு வரணும்னு பேனட்டுக்கிட்ட நின்னு அவ்வளவு சொன்னேனே. …எடம் விட்டுத்தான் வர்றாளா. ஓ.

ஒட்டன்சத்திரம் வந்துருச்சுங்களா? நீங்க எறங்கணும்ல. பையை எடுத்துக்குங்க. பேசிப் பேசி உங்க காதைப் புண்ணாக்கிட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க.

தம்பி, எறங்கறதுக்கு முன்னாடி இன்னொரு தரம் மட்டும் பார்த்துச் சொல்லிட்டுப் போங்க. பின்னாடி வர்றாளா?